கந்தக பாக்டீரியாவை அடையாளம் காண: கொழுப்பு அமிலமா, மரபணுவா?

தையோசல்பேட் என்ற கந்தக உப்பு சேர்த்த ஊடகத்தில் ஏதோ ஒன்று வளர்ந்துவிட்டது. ப்ரோமோதைமால் நீலம் போட்ட குடுவை சில நாளில் மஞ்சளாகிவிட்டது. அமிலம் உருவாகியிருக்கிறது என்று அர்த்தம். சரி, அடுத்து என்ன? கொழுப்பு அமிலப் பகுப்பாய்வுக்குக் கொடுப்பதா, 16எஸ் (பாக்டீரியாக்களை இனம்பிரிக்கப் பயன்படும் மரபணு) வரிசை பார்த்தால் போதுமா என்று பலர் இந்த இடத்தில் தயங்கி நிற்கிறார்கள். வேறு சிலர் கையில் கல்ச்சர் (ஆய்வகத்தில் வளர்த்தெடுத்த பாக்டீரியா) எதுவும் இல்லை. நீரடியில் படர்ந்த வெள்ளைப் படலமோ அழுகிய முட்டை வாடை வீசும் கறுப்புச் சேறோதான் இருக்கிறது. அவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பாக்டீரியா எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதைக் கொழுப்பு அமிலம் நன்றாகவே காட்டும். அது கந்தகத்தை ஆக்சிஜனேற்றுகிறதா என்பதை மட்டும் தனியாக நின்று சொல்லாது. கந்தக ஆக்சிஜனேற்றம் ஒரு தொழில் மாதிரி, குலம் அல்ல. பெஜ்ஜியடோவா, தையோபேசில்லஸ், அசிடிதையோபேசில்லஸ், பாராகாக்கஸ், சல்ஃபுரிமோனாஸ், பச்சைக் கந்தக பாக்டீரியாவான குளோரோபியம் என்று ஒன்றுக்கொன்று தூரத்துக் கிளைகளில் இருப்பவை எல்லாம் இந்தத் தொழிலைச் செய்கின்றன. செல் சவ்வில் என்ன கொழுப்பு அமிலம் இருக்கும் என்பது குலத்தையும் வளர்ந்த சூழலையும் பொறுத்தது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகளை எடுப்பது சுலபம்.

## முதலில் அளவுகோல்கள்

எந்த முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னாலும் நான்கு விஷயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கையில் என்ன இருக்கிறது? தூய கல்ச்சரா, பல உயிர்கள் கலந்த மாதிரியா? எல்லாவற்றிலும் பெரிய பிரிவு இதுதான்.

எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்? பெயரா, கந்தகத்தை ஆக்சிஜனேற்றும் திறன் உண்டா என்பதா, எண்ணிக்கையா, இந்த நேரத்தில் அங்கே உண்மையிலேயே வேலை நடக்கிறதா என்பதா? இவை நான்கும் வெவ்வேறு கேள்விகள். பெயர் தெரிந்துவிட்டால் வேலையும் தெரிந்துவிட்டது என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

எவ்வளவு மாதிரி கிடைக்கும்? கந்தகத்தைத் தின்று வாழும் உயிர்கள் மெதுவாக, மெலிதாக வளரும். ஒரு லிட்டர் வளர்த்தாலும் சுழற்றிய குழாயின் அடியில் ஒட்டுவது கொஞ்சம்தான்.

வெளியே தெரியாத செலவு எங்கே? கரைப்பான், நாட்கள், தூய்மைப்படுத்தும் படிகள், ஒப்பிட்டுப் பார்க்க நூலகம் உண்டா இல்லையா. இவை திட்டம் எழுதும்போது கண்ணில் படாது. பாதி வேலை முடிந்த பிறகுதான் வந்து நிற்கும்.

## வழி ஒன்று: தூய கல்ச்சரின் முழுச்செல் கொழுப்பு அமிலங்கள்

செல்களைக் காரத்தில் கொதிக்கவைத்து, கொழுப்பு அமிலங்களை மெத்தில் எஸ்டராக மாற்றி, வாயு நிறப்பிரிகைக் கருவியில் செலுத்துவார்கள். எந்த நீளச் சங்கிலி எத்தனை சதவீதம் என்று பட்டியல் வரும். 40 மில்லிகிராம் ஈரச் செல்கள் இருந்தால் போதும், ஒரே நாளில் முடிந்துவிடும்.

இந்த முறைக்குப் பெருமையான ஒரு வரலாறு உண்டு. தையோபேசில்லஸ் என்ற பெயரில் ஒரு காலத்தில் எதை எதையோ சேர்த்து வைத்திருந்தார்கள். 1982-ல் வந்த ஓர் ஆய்வு அவற்றின் யூபிகுவினோன் (செல் சவ்வில் எலக்ட்ரான்களைக் கடத்தும் மூலக்கூறு), கொழுப்பு அமிலம், டிஎன்ஏ காரங்களின் விகிதம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தது. பெரும்பாலானவற்றில் யூபிகுவினோன்-8 இருந்தது. நோவெல்லஸ், வெர்சுட்டஸ் போன்ற சிலவற்றில் யூபிகுவினோன்-10 இருந்தது. பின்னால் அந்த வெர்சுட்டஸ் பாராகாக்கஸுக்குப் போனது, நோவெல்லஸ் 2000-ல் ஸ்டார்கேயா ஆனது. அதே 2000-ல் கெல்லியும் வுட்டும் அமில விரும்பிகளைப் பிரித்து அசிடிதையோபேசில்லஸ் என்று பெயரிட்டார்கள். வரிசைப்படுத்தும் கருவிகள் எங்கும் பரவுவதற்கு முன்பே, இந்தக் கூட்டம் ஒரே குடும்பம் அல்ல என்று வேதியியல் காட்டிவிட்டது. அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் இன்றைக்கு இதைத் தனியாக நம்பி ஒரு பெயர் சொல்வது ஆபத்து. முதல் காரணம் நூலகம். பரவலாகப் பயன்படும் வணிக நூலகம் டிரிப்டிகேஸ் சோயா அகாரில் 28 டிகிரியில் 24 மணி நேரம் வளர்ந்த செல்களை வைத்துக் கட்டப்பட்டது. பாராகாக்கஸ், ஸ்டார்கேயா மாதிரி இரண்டு விதத்திலும் வாழத் தெரிந்தவை அதில் வளரும். கந்தகத்தை மட்டுமே நம்பி வாழும் தையோபேசில்லஸ் அங்கே வளராது. தையோசல்பேட்டில் வளர்த்த செல்களின் பட்டியலை அந்த நூலகத்தோடு ஒப்பிட்டால் கருவி ஏதாவது ஒரு பெயரைத் தரத்தான் செய்யும். அந்தப் பெயருக்கு மதிப்பில்லை.

இரண்டாவது காரணம் செல்லின் வயது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 16:1 ஒமேகா-7 என்றால் 16 கார்பன், ஒரு இரட்டைப் பிணைப்பு, அது மெத்தில் முனையிலிருந்து ஏழாவது கார்பனில். வளர்ச்சி நின்றதும், அல்லது அமிலம் ஏறியதும், ஒரு நொதி அந்த இரட்டைப் பிணைப்பின் மேல் ஒரு கார்பனைக் கொண்டுவந்து ஒட்டி முக்கோண வளையமாக்கிவிடும். 16:1 சைக்ளோ 17:0 ஆகும். 18:1 சைக்ளோ 19:0 ஆகும். அதே பாக்டீரியாதான், ஆனால் மூன்றாம் நாள் எடுத்த பட்டியலும் பத்தாம் நாள் எடுத்த பட்டியலும் இரண்டு வேறு உயிர்கள் போலத் தெரியும். அமிலத்தைத் தானே சுரந்து அதிலேயே கிடக்கும் கந்தக பாக்டீரியாவில் இது இன்னும் அதிகம். வெப்பநிலை குறைந்தாலும் இரட்டைப் பிணைப்புள்ளவை கூடும். ஆகவே ஒப்பிட வேண்டிய எல்லாக் கல்ச்சர்களையும் ஒரே ஊடகத்தில், ஒரே வெப்பத்தில், வளர்ச்சியின் ஒரே கட்டத்தில் அறுவடை செய்ய வேண்டும். மெதுவாக வளரும் உயிர்களில் "ஒரே கட்டம்" என்பதைப் பிடிப்பதற்கே வாரங்கள் போய்விடும்.

மூன்றாவது காரணம் கந்தகமேதான். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். செல்லுக்குள்ளும் வெளியிலும் சேர்ந்திருக்கும் தனிமக் கந்தகம் கரைப்பானோடு கூடவே வந்துவிடும். முதல் முறை நான் ஓட்டியபோது, மூலக்கூறு துண்டுகளின் நிறையைக் காட்டும் நிறமாலைமானியில் 64-ம் 256-ம் மேலோங்கிய அகலமான மேடு ஒன்று பின்பகுதியை அடைத்துக்கொண்டு நின்றது. எட்டு கந்தக அணுக்கள் சேர்ந்த வளையத்தின் நிறை 256. புதிதாக அமிலத்தில் கழுவிப் பளபளப்பாக்கிய தாமிரத் துருவலை அந்தச் சாற்றில் போட்டு வைத்தேன். செம்பு நிறம் முதலில் பழுப்பாகி, பிறகு விளிம்பிலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. புதிய துருவல் கறுக்காமல் நிற்கும்வரை மாற்றி மாற்றிப் போட வேண்டியிருந்தது. அடுத்த ஓட்டத்தில் மேடு இல்லை. தாமிரத்துக்கும் அந்த ஒரு நாளுக்கும் உங்கள் திட்டத்தில் இடம் ஒதுக்கி வையுங்கள்.

இவ்வளவையும் தாண்டி இந்த வழி எப்போது நல்லது? புதிய இனத்தை விவரிக்கும்போது. அங்கே கொழுப்பு அமிலப் பட்டியல் வழக்கமாக எதிர்பார்க்கப்படுகிறது. நெருங்கிய இனங்களையும் பக்கத்திலேயே வளர்த்து ஒப்பிட்டுத் தர வேண்டும். இன்னொன்று, நிறைய கல்ச்சர்கள் கையில் இருந்து எவை ஒன்றுபோல் இருக்கின்றன என்று கூட்டம் பிரிக்கும்போது. பெயர் வேண்டாம், கூட்டம் போதும் என்றால் இது வேகமானது.

## வழி இரண்டு: மாதிரியிலிருந்தே பாஸ்போலிப்பிட் கொழுப்பு அமிலங்கள்

சேறு, படலம், கான்கிரீட் துகள் எதுவானாலும் குளோரோஃபார்ம், மெத்தனால், நீர் கலவையில் கொழுப்பை இழுத்து, சிலிக்கா நிரப்பிய குழாயில், செல் சவ்வின் முக்கியக் கொழுப்பான பாஸ்போலிப்பிடை மட்டும் பிரித்து எடுப்பார்கள். 1959-ல் ப்ளை, டையர் இருவரும் தந்த சாறெடுப்பு முறையின் வழிவந்தது இது. நல்லவேளையாக, இங்கே தனிமக் கந்தகத்தின் பெரும்பகுதி முதலில் இறங்கும் குளோரோஃபார்மிலேயே போய்விடும்.

இதன் உண்மையான பலம், செல் இறந்தால் பாஸ்போலிப்பிட் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதில் இருக்கிறது. இறந்த செல்லின் டிஎன்ஏ மண்ணில் ஒட்டிக்கொண்டு நெடுநாள் கிடக்கும். பாஸ்போலிப்பிட் அப்படிக் கிடக்காது. அதனால் உயிரோடிருக்கும் நிறையை அளக்க இது நம்பகமானது. இந்தக் கொழுப்பு அமிலத்தில் ஒரு பிகோமோல் (ஒரு மோலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) என்பது ஏறத்தாழ சில பத்தாயிரம் செல்களுக்குச் சமம்.

பலவீனம் எங்கே என்றால், பெஜ்ஜியடோவா, தையோப்ளோக்கா, சல்ஃபுரிமோனாஸ் எல்லாவற்றிலும் மேலோங்கி நிற்பவை 16:1 ஒமேகா-7, 18:1 ஒமேகா-7, 16:0 ஆகிய மூன்றும்தான். ஈ. கோலையிலும் அவைதான். கந்தகத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத எத்தனையோ கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களிலும் அவைதான். பக்கத்து வீட்டுக்காரர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மீத்தேன் தின்னும் பாக்டீரியாக்களில் பலவற்றுக்கு 16:1 ஒமேகா-8 அல்லது 18:1 ஒமேகா-8 என்று அரிய குறி இருக்கிறது. சல்பேட்டை ஒடுக்கும் டீசல்ஃபோபாக்டருக்கு 10-மெத்தில் 16:0 இருக்கிறது. கந்தகத்தை ஆக்சிஜனேற்றுபவை எல்லாவற்றுக்கும் பொதுவாக அப்படி ஒரு முத்திரை கிடையாது.

ஒமேகா-7, ஒமேகா-8 வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதும் லேசான காரியம் இல்லை. வாயு நிறப்பிரிகைக் கருவியின் சாதாரணக் குழாயில் இரண்டு பீக்கும் (வரைபட முகடுகளும்) ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, தோள் மாதிரி ஒரு மேடுதான் தெரியும். அயோடின் சேர்த்து டைமெத்தில் டைசல்ஃபைடோடு ஓரிரவு வைத்தால் இரட்டைப் பிணைப்பு இருந்த இடத்தில் இரண்டு கந்தகக் கைகள் முளைக்கும். நிறமாலைமானியில் மூலக்கூறு சரியாக அந்த இடத்தில் உடையும். 16:1 ஒமேகா-7 என்றால் 145-ம் 217-ம். ஒமேகா-8 என்றால் 159-ம் 203-ம். இரண்டு ஜோடிகளையும் கூட்டினால் அதே 362. மீத்தேனும் சல்ஃபைடும் கலந்து கசியும் சேற்றில் இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு எந்த முடிவும் எழுதாதீர்கள்.

முத்திரை இல்லை என்ற விதிக்கு ஒரு நல்ல விலக்கு உண்டு. 1986-ல் அமிலம் சுரக்கும் தையோபேசில்லஸ் இனங்களின் துருவக் கொழுப்பில் (பாஸ்போலிப்பிட் போன்றவை) மெத்தாக்ஸி, சைக்ளோப்ரோபில், ஆல்ஃபா-ஹைட்ராக்ஸி சைக்ளோப்ரோபில் அமிலங்கள் இருப்பதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே கான்கிரீட் அரிப்புக்கும் இந்த பாக்டீரியாக்களுக்கும் உள்ள தொடர்பைப் பார்க்க அந்த அரிய அமிலங்களைப் பயன்படுத்தினார்கள். அமிலச் சூழல், சில இனங்களே தாக்குப்பிடிக்கும் இடம், அரிய அமிலம்: இந்த மூன்றும் சேரும் இடத்தில் குறி வேலை செய்கிறது. ஹைட்ராக்ஸி அமிலங்களில் ஒரு பகுதி வெளிச்சவ்வின் லிப்பிட்-ஏ என்ற பகுதியில் மாட்டிக்கொண்டு கரைப்பானுக்கு வராமல் நிற்கும். சாறெடுத்த பிறகு மிஞ்சும் கசட்டை அமிலத்தில் உடைத்தால்தான் அது கிடைக்கும். கசட்டைத் தூக்கி எறிந்துவிட்டு "ஹைட்ராக்ஸி இல்லை" என்று எழுதினால் தப்பாகிவிடும்.

இந்த முறையின் உச்சம் கார்பன்-13, அதாவது சற்றே கனமான கார்பன் ஐசோடோப். மாதிரியில் கார்பன்-13 ஏற்றிய பைகார்பனேட்டைக் கொடுத்து இருட்டில் வைக்கிறீர்கள். ஒரு பங்கில் சல்ஃபைடோ தையோசல்பேட்டோ சேர்க்கிறீர்கள், இன்னொரு பங்கில் சேர்ப்பதில்லை. எந்தக் கொழுப்பு அமிலத்தில் கார்பன்-13 ஏறுகிறது என்று தனித்தனியாக அளக்கிறீர்கள். கந்தகம் சேர்த்த பங்கில் மட்டும் 16:1 ஒமேகா-7 கனத்தால், அங்கே யாரோ கந்தகத்தின் ஆற்றலைக் கொண்டு கார்பனைப் பிடிக்கிறார்கள் என்று தைரியமாகச் சொல்லலாம். பெயர் தெரியாது, வேலை நடப்பது நிச்சயம். இருட்டில் வைக்காவிட்டால் பாசிகளும் கார்பனைப் பிடித்துக் குழப்பிவிடும்.

பார்க்க முடியாத ஒன்றும் இருக்கிறது. சல்ஃபோலோபஸ், அசிடியானஸ் போன்ற ஆர்க்கியாக்களின் (பாக்டீரியாவிலிருந்து வேறுபட்ட நுண்ணுயிர்ப் பிரிவு) சவ்வில் கொழுப்பு அமிலமே கிடையாது. ஈதர் பிணைப்பில் ஐசோப்ரினாய்டு சங்கிலிகள்தான். கொதிக்கும் அமில ஊற்றில் கந்தகத்தை ஆக்சிஜனேற்றுபவை அவைதான் என்றாலும், இந்த முறையில் அந்த ஊற்று வெறிச்சோடிக் கிடப்பதாகத் தெரியும்.

## வழி மூன்று: 16எஸ் மரபணு

தூய கல்ச்சர் என்றால் இதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஏறத்தாழ 1,500 எழுத்துகள் கொண்ட முழு வரிசையை எடுங்கள். தெரிந்த இனங்களோடு 98.7 சதவீதத்துக்குக் கீழே ஒத்துப்போனால் புது இனமாக இருக்க வாய்ப்புண்டு. பேரினம் வரை உறுதியாகத் தெரிந்துவிடும்.

கலப்பு மாதிரியில் இரண்டு பள்ளங்கள் உண்டு. பேரினப் பெயரை வைத்து வேலையை ஊகிப்பது ஒன்று. பட்டியலில் பாராகாக்கஸ் இருப்பதாலேயே அது அங்கே கந்தகத்தைத் தொடுகிறது என்று ஆகாது. இன்னொன்று எனக்கு மிகவும் வியப்பளித்தது. தையோமார்கரிட்டா மாதிரியான ராட்சதக் கந்தக பாக்டீரியாக்களின் 16எஸ் மரபணுவுக்குள் தானே வெட்டிக்கொள்ளும் இன்ட்ரான்கள் (இடைச்செருகல் துண்டுகள்) இருப்பது 2012-ல் தெரியவந்தது. மரபணு நீண்டுவிடுவதால் வழக்கமான பிசிஆரில் (மரபணுவை நகலெடுத்துப் பெருக்கும் முறை) அவை பின்தங்கிவிடும். வெறும் கண்ணுக்கே தெரியும் அளவு பெரிய பாக்டீரியா, வரிசைப் பட்டியலில் காணாமல் போகலாம். அதனால் படலத்தை முதலில் நுண்ணோக்கியில் பாருங்கள். இழைகளுக்குள் ஒளியைச் சிதறடிக்கும் கந்தகத் துளிகள் தெரிந்தால், ஐந்தே நிமிடத்தில் பாதி விடை கிடைத்துவிட்டது.

## வழி நான்கு: கந்தக வேலைக்கான மரபணுக்கள்

திறன் உண்டா என்ற கேள்விக்கு நேர்ப் பதில் இங்கேதான். சாக்ஸ்-பி மரபணுவைத் தேடுவது பரவலான வழக்கம். தையோசல்பேட்டை உடைக்கும் சாக்ஸ் அமைப்பின் ஒரு பகுதி அது. ஏபிஆர்-ஏ, தலைகீழாக வேலை செய்யும் டிஎஸ்ஆர் மரபணுக்கள், சல்ஃபைடை ஆக்சிஜனேற்றும் எஸ்க்யூஆர் ஆகியவையும் உண்டு.

ஒரே மரபணுவை நம்புவதில்தான் சிக்கல். அசிடிதையோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் கந்தகத்தை நன்றாகவே ஆக்சிஜனேற்றும். ஆனால் அதனிடம் சாக்ஸ் அமைப்பு இல்லை, வேறு நொதிகளை வைத்துக் காரியத்தை முடிக்கிறது. சாக்ஸ்-பி மட்டும் தேடினால் அமிலச் சுரங்க நீரின் முக்கியமான ஆளைத் தவறவிடுவீர்கள். எதிர்த் திசையிலும் இது நடக்கும். கரிமப் பொருளைத் தின்று வாழும் பல பாக்டீரியாக்கள் சாக்ஸ் மரபணுக்களை வைத்திருக்கின்றன. கந்தகம் அவற்றுக்கு எப்போதாவது கிடைக்கும் கூடுதல் வருமானம் மாதிரி. மரபணு இருப்பதும் அது இயங்குவதும் ஒன்றல்ல. முழு மெட்டாஜீனோம் (மாதிரியிலுள்ள எல்லா டிஎன்ஏவும்) எடுத்தால் ப்ரைமரின் (பிசிஆரில் தேடும் மரபணுவைப் பிடிக்கும் சிறு துண்டு) குருட்டுத்தன்மை போய்விடும். அதற்குப் பதிலாகக் கணினி வேலையும், அதைச் செய்யத் தெரிந்த ஒருவரின் மாதக்கணக்கான நேரமும் வேண்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | முழுச்செல் கொழுப்பு அமிலம் | பாஸ்போலிப்பிட் (கார்பன்-13 உடன்) | 16எஸ் | கந்தக மரபணுக்கள் |
|---|---|---|---|---|
| ஏற்ற மாதிரி | தூய கல்ச்சர் | சேறு, படலம் | இரண்டும் | இரண்டும் |
| பெயர் சொல்லுமா | துணைச் சான்று மட்டும் | சொல்லாது | பேரினம் வரை நன்றாக | ஓரளவு |
| கந்தகத் திறன் காட்டுமா | காட்டாது | கார்பன்-13 சேர்த்தால் மட்டும் | ஊகம்தான் | காட்டும் |
| இப்போது வேலை நடக்கிறதா | தெரியாது | கார்பன்-13 சேர்த்தால் தெரியும் | தெரியாது | ஆர்என்ஏ பார்த்தால்தான் |
| உயிருள்ள அளவு | பொருந்தாது | நன்றாக | இறந்தவையும் சேரும் | இறந்தவையும் சேரும் |
| ஆர்க்கியா தெரியுமா | தெரியாது | தெரியாது | சரியான ப்ரைமர் இருந்தால் | சரியான ப்ரைமர் இருந்தால் |
| மறைந்திருக்கும் செலவு | ஒரே மாதிரி வளர்ப்பது, கந்தகம் நீக்குவது | கரைப்பான், இரட்டைப் பிணைப்புச் சோதனை, ஐசோடோப் கருவி | ப்ரைமர் தவறவிடுபவை | ஒரு மரபணு போதாமை |

## எந்தச் சூழலில் எது

தூய கல்ச்சர் ஒன்று, பெயர் மட்டும் வேண்டும்: 16எஸ் எடுங்கள். கூடவே, நுண்ணுயிர் போடாத குடுவையை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு தையோசல்பேட் குறைவதையும் சல்பேட் கூடுவதையும் நேராக அளந்துவிடுங்கள். திறனுக்கு அதைவிட நேரடியான சான்று கிடையாது. கொழுப்பு அமிலத்துக்காக இந்தக் கட்டத்தில் செல்களை வீணாக்க வேண்டாம்.

அதே கல்ச்சர் புது இனம் என்று தெரிந்துவிட்டால் கணக்கு மாறும். அப்போது முழுச்செல் கொழுப்பு அமிலம் தேவை. நெருங்கிய இனங்களை வரவழைத்து, எல்லாவற்றையும் ஒன்றாக வளர்க்கும் அந்தச் சில வாரங்களை ஆரம்பத்திலேயே திட்டத்தில் போட்டுக்கொள்ளுங்கள். யூபிகுவினோனையும் சேர்த்துப் பாருங்கள். 8-ஆ 10-ஆ என்ற ஒரு எண் பல குழப்பங்களைத் தீர்க்கும்.

கறுப்புச் சேறு, அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி: 16எஸ்-ம் சாக்ஸ்-பி, ஏபிஆர்-ஏ போல இரண்டு மூன்று மரபணுக்களும். அதே சேற்றில் கந்தகத்தைக் கொண்டு கார்பன் பிடிப்பு நடக்கிறதா, எவ்வளவு நடக்கிறது என்பது கேள்வியானால் கார்பன்-13 ஏற்றிய பாஸ்போலிப்பிட்டுக்கு ஈடு இல்லை. இரண்டையும் செய்ய முடிந்தால், ஒரே இடத்தில் குழாய் இறக்கி எடுத்த சேற்றை அன்றைக்கே இரண்டாகப் பிரியுங்கள். மரபணுவுக்கான பங்கை உடனே உறைய வையுங்கள். கார்பன்-13 பங்கு அடைகாத்து முடிந்ததும் அதையும் தாமதிக்காமல் உறைய வையுங்கள். பாஸ்போலிப்பிட்டுக்கான பங்கை மூடியில் டெஃப்லான் உள்ள கண்ணாடிக் குப்பியில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் போட்டால் அதிலிருந்து கசியும் தாலேட் என்ற பிளாஸ்டிக் சேர்மானத்தின் பீக், நீங்கள் தேடும் அரிய அமிலத்துக்குப் பக்கத்திலேயே வந்து உட்காரும்.

அரித்துப்போன கான்கிரீட், அமிலச் சுரங்க நீர்: கொழுப்பு அமிலத்தை நான் மனமுவந்து பரிந்துரைப்பது இங்கேதான். உயிர் வகைகள் குறைவு, அரிய வளைய அமிலங்கள் உண்டு. சைக்ளோ 19:0-க்கும் 18:1 ஒமேகா-7-க்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் செல்கள் செழிப்பாக வளர்கின்றனவா, நெருக்கடியில் இருக்கின்றனவா என்பதும் தெரியும். மரபணுப் பட்டியலில் இது கிடைக்காது. ஆனால் அந்த நீர் சூடானதாக இருந்தால் முதலில் ஆர்க்கியாவைத் தேடும் ப்ரைமரோடு ஒரு பிசிஆர் செய்து பாருங்கள். அதில் பட்டை தெரிந்தால் கொழுப்பு அமிலத் திட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, ஈதர் கொழுப்புகளை அளக்கும் வசதியுள்ள ஆய்வகத்தைத் தேடுங்கள்.